பெண்பிள்ளைகளும் கணினிக் கல்வியும்



நம் தோட்டப்புறத்துப் பெண்பிள்ளைகள் கணினி அறிவியல் படிப்பதைப் பற்றி இன்று பேசப் போகிறோம். "கணினியா? அது பட்டணத்துப் பிள்ளைகளின் படிப்பாயிற்றே! அதிலும் பெண்பிள்ளைக்கு அது எதற்கு?" என்று கேட்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கேள்வியில் தவறில்லை. தெரியாத பாதையில் பிள்ளையை அனுப்பப் பெற்றோர் தயங்குவது இயற்கை. அந்தப் பாதை எப்படிப்பட்டது, எங்கே தொடங்குகிறது, எங்கே வழுக்கும், யார் கைகொடுப்பார்கள் என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், கணினி அறிவியல் என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். கணினியில் கடிதம் தட்டச்சுச் செய்வதும், கணக்குப் பட்டியல் போடுவதும் கணினியைப் பயன்படுத்தும் பழக்கம். அது நல்ல பழக்கம்தான். ஆனால் கணினி அறிவியல் அதுவன்று. ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, எந்தப் படிக்குப் பின் எந்தப் படி, எந்த நிலையில் எதைச் செய்வது, எதுவரை திரும்பத் திரும்பச் செய்வது என்று இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுக்கும் கலையே கணினி அறிவியலின் அடிப்படை. அப்படி எழுதப்படும் கட்டளை வரிசையை நிரல் என்கிறோம்.

இது நமக்குப் புதிதா? பால்மரம் வெட்டிய நம் தாய்மார்களை நினைத்துப் பாருங்கள். மங்கில் உறைந்த கட்டிப்பாலை எடுக்க வேண்டும். பட்டையில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரிக்க வேண்டும். பிறகு பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். மங்கைச் சரியாக வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். நிரை முடியும் வரை இதே வேலைதான். மழை பெய்து மரம் நனைந்திருந்தால் வெட்டு இல்லை. வரிசை, நிபந்தனை, திரும்பச் செய்தல் ஆகிய மூன்றும் இதில் இருக்கின்றன. செம்பனைத் தோட்டத்திலும் அப்படித்தான். தரையில் உதிரிப் பழம் விழுந்திருந்தால் குலை பழுத்துவிட்டது, வெட்டு. இல்லையென்றால் விட்டுவிடு என்று அறுவடைத் தொழிலாளி முடிவு செய்கிறார். நிரல் எழுதுபவரும் இப்படித்தான் சிந்திக்கிறார்.

இன்னும் ஒன்று சொல்கிறோம். லயத்து வாசலில் தாய்மார்கள் போடும் புள்ளிக் கோலத்தைக் கணினி அறிவியல் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. சென்னையில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974 ஆம் ஆண்டில் கோலத்தைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் ஒரு சிறு கோலம் எவ்வாறு பெரிய கோலமாக வளர்கிறது என்பதை அவர்கள் கணித முறையில் காட்டினார்கள். அந்த மூவரில் இருவர் பெண்கள் என்பதைக் கவனியுங்கள். ஐந்து புள்ளிக் கோலத்தைப் பார்த்து, அதையே பதினைந்து புள்ளிக்கு விரித்துப் போடும் பெண்ணுக்குக் கணினி அறிவியல் வராது என்று சொல்ல நமக்கு என்ன காரணம் இருக்கிறது?

அடுத்து, இது ஆண்பிள்ளைகளின் படிப்பு என்ற எண்ணத்தைப் பார்ப்போம். வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது. இன்றைய கணினி பிறப்பதற்கு முன்பே, 1843 ஆம் ஆண்டில், இங்கிலாந்தைச் சேர்ந்த ஏடா லவ்லேஸ் என்ற பெண்மணி, சார்ல்ஸ் பாபேஜ் திட்டமிட்ட கணக்கிடும் இயந்திரத்துக்குச் செயல்முறைக் குறிப்புகள் எழுதி வெளியிட்டார். உலகின் முதல் நிரல்களில் ஒன்றாக அது போற்றப்படுகிறது. அமெரிக்காவில் 1946 இல் பொதுமக்களுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்னும் பெரிய கணினியை இயக்கும் முறைகளை வகுத்தவர்கள் ஆறு பெண்கள். அன்றைக்கு அவர்களுடைய பெயரை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. பல ஆண்டுகள் கழித்தே உலகம் அவர்களை அறிந்துகொண்டது. கடற்படையில் பணியாற்றிய கிரேஸ் ஹாப்பர் என்ற கணிதப் பேராசிரியை 1952 இல், மனிதர் எழுதும் கட்டளைகளை இயந்திரத்தின் மொழிக்கு மாற்றித் தரும் நிரலை உருவாக்கினார். வங்கிகளும் அலுவலகங்களும் நெடுங்காலம் பயன்படுத்திய கோபால் என்ற நிரல்மொழி 1959 இல் உருவானபோது, அவருடைய முந்திய உழைப்பே அதற்கு அடித்தளமாக இருந்தது.

அயல்நாட்டுக் கதை இருக்கட்டும், நம் நாட்டுக்கு வருவோம். 1972 ஆம் ஆண்டில் பினாங்கு, பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கப்பட்டது. இண்டெல் போன்ற பெரிய நிறுவனங்கள் அங்கே தொழிற்சாலை அமைத்தன. கணினியின் மூளை எனப்படும் சில்லுகளைப் பொருத்தும் வேலைக்கு ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் சேர்ந்தார்கள். கம்பத்திலிருந்து வந்தவர்கள் பலர்; தோட்டத்திலிருந்து போனவர்களும் உண்டு. தொழிற்சாலைப் பேருந்து தோட்டத்து முச்சந்திக்கு வந்து பெண்களை ஏற்றிச் சென்ற காலத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். உருப்பெருக்கிக் கருவியில் கண்ணைப் பதித்து, மயிரிழை போன்ற கம்பிகளை இணைத்தார்கள் அந்தப் பெண்கள். உலகத்துக் கணினிகளில் நம் பெண்களின் கைவேலை இருக்கிறது. அந்தக் கணினியை என்ன செய்யச் சொல்வது என்று தீர்மானிக்கும் இடத்திலும் அவர்களின் மகளும் பேத்தியும் அமர வேண்டும் என்று கேட்பது பேராசையாகுமா?

அந்த இடத்தில் நம் நாட்டுப் பெண்கள் ஏற்கனவே அமர்ந்திருக்கிறார்கள் என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. மேலைநாடுகள் பலவற்றில் கணினி அறிவியல் வகுப்பில் பெண்கள் குறைவு. அந்த நாட்டு ஆய்வாளர்கள் மலேசியாவுக்கு வந்து பார்த்து வியந்தார்கள். நார்வே நாட்டைச் சேர்ந்த விவியன் லாகசன் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2008 இல் கட்டுரை வெளியிட்டார். கணினித் துறை மாணவர்களில் பாதிக்குமேல் பெண்கள் என்பதையும், விரிவுரையாளர்களாகவும் பொறுப்பாளர்களாகவும் பெண்கள் இருப்பதையும் அவர் எடுத்துச் சொன்னார். அறைக்குள் அமர்ந்து செய்யும் வேலை, பாதுகாப்பான வேலை, பெண்ணுக்கு ஏற்ற வேலை என்று இங்குள்ளவர்கள் கருதுவதையும் அவர் குறித்தார். சுவீடன் நாட்டைச் சேர்ந்த உல்ஃப் மெல்ஸ்ட்ரோம் பினாங்கில் ஆராய்ந்து 2009 இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே, மலேசியாவில் கணினி அறிவியலில் பெண்கள் மேலோங்கி இருப்பது ஏன் என்று கேட்கிறது. 1971 க்குப் பின் அரசாங்கம் மேற்கொண்ட கல்விக் கொள்கையால் மலாய்ப் பெண்கள் பெருமளவில் முன்னேறியதையும் ஒரு காரணமாக அவர் காட்டுகிறார்.

ஆகவே, மலேசியாவில் கணினி படிக்கப் போகும் பெண் வகுப்பறையில் தனித்து நிற்க மாட்டாள். முன்வரிசையிலும் பின்வரிசையிலும் பெண்களே இருப்பார்கள். அந்த வரிசைகளில் தோட்டத்துப் பிள்ளை இருக்கிறாளா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. அவளுக்கு அறிவில் குறையில்லை. வழியில் சில வாயில்கள் இருக்கின்றன. அவை குறிப்பிட்ட காலத்தில் திறந்து குறிப்பிட்ட காலத்தில் மூடிவிடும். திறந்திருக்கும் நேரம் தெரியாததால் வெளியே நின்றுவிடுகிறவர்களே அதிகம். இது ஆசிரியர்களாகிய நாங்கள் ஆண்டுதோறும் கண்ணால் காணும் உண்மை.

முதல் வாயில் கணிதம். பெண்பிள்ளை மூன்றாம் படிவம் முடிக்கும்போது நான்காம் படிவத்தில் எந்தப் பாடங்களை எடுப்பது என்ற முடிவு வருகிறது. பல வீடுகளில் அந்த முடிவை யாரும் எடுப்பதில்லை; தோழி எடுத்த பாடத்தை அவளும் எடுத்துக்கொள்கிறாள். "கூடுதல் கணிதம் கடினமாம், வேண்டாம்" என்று ஒரு வாக்கியத்தில் விட்டுவிடுகிறாள். கணினி அறிவியல் பட்டப்படிப்புக்குக் கணிதத்தில் நல்ல தேர்ச்சி கேட்பார்கள். எஸ்.பி.எம். தேர்வில் கூடுதல் கணிதத்தில் கிரெடிட் பெற்றவளுக்கு வழி அகலமாகிறது. அது இல்லாதவளுக்கு வழியே இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் குறுகிவிடுகிறது. பதினைந்து வயதில் சொல்லும் ஒரு "வேண்டாம்" பத்தொன்பது வயதில் வந்து தடுக்கும். பள்ளியில் கணினி அறிவியல் பாடம் இருந்தால் அதையும் எடுக்கலாம். ஆனால் இரண்டில் ஒன்றுதான் என்றால், கணிதத்தை விட்டுவிடாதீர்கள்.

கணிதத்தோடு மொழியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றாக வேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மலாய்மொழியில் கிரெடிட் தேவை. பட்டப்படிப்புக்கு மூவெட் எனப்படும் ஆங்கிலத் தேர்வும் எழுத வேண்டும். "தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்கு ஆங்கிலம் எப்படி வரும்?" என்று கவலைப்படும் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறோம். தமிழில் தெளிவாகச் சிந்திக்கப் பழகிய பிள்ளைக்கு இன்னொரு மொழி எட்டாத கனியன்று. நாள்தோறும் அரை மணிநேரம் ஆங்கிலம் வாசிக்கட்டும். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

இரண்டாவது வாயில் எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் வருகிறது. இங்கே வழிகள் பல. அவற்றை வரிசையாகச் சொல்கிறோம். தாளும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் குறித்துக்கொள்ளலாம்.

முதல் வழி, மெட்ரிகுலேஷன். கல்வி அமைச்சின் கீழ் நடக்கும் இந்தப் படிப்பைப் பெரும்பாலோர் ஓராண்டில் முடித்துப் பல்கலைக்கழகம் போகிறார்கள். கணினி அறிவியல் பிரிவும் அதில் உண்டு. இடம் கிடைப்பது கடினம் என்பது நாம் அறிந்ததே. ஆயினும், எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ பெற்ற மாணவர்களுக்கு இனவேறுபாடின்றி இடம் தரப்படும் என்று அரசாங்கம் 2024 ஆம் ஆண்டில் அறிவித்தது. அதைவிடக் குறைவாகப் பெற்றவர்களும் விண்ணப்பிக்காமல் இருந்துவிடக் கூடாது. கேட்காதவருக்குக் கிடைக்காது.

இரண்டாவது வழி, ஆறாம் படிவம். மூன்று பருவங்களாக நடக்கும் எஸ்.டி.பி.எம். படிப்பு இது. "அது கடினம், பழைய முறை" என்று இளைஞர்கள் ஒதுக்குகிறார்கள். ஆனால் செலவு மிகக் குறைவு. பெரும்பாலும் வீட்டிலிருந்தே போய் வரலாம். நல்ல புள்ளி எடுத்தால் அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் கதவு திறக்கும். பெண்பிள்ளையைத் தொலைதூரம் அனுப்ப மனம் வராத பெற்றோருக்கு இது நல்ல வழி.

மூன்றாவது வழி, பாலிடெக்னிக். 1969 இல் ஈப்போவில் உங்கு ஓமார் பாலிடெக்னிக் தொடங்கப்பட்டது. இன்று நாடெங்கும் பாலிடெக்னிக்குகள் இருக்கின்றன. சிலவற்றில் தகவல் தொழில்நுட்ப டிப்ளோமா உண்டு. கட்டணம் தனியார் கல்லூரியோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு. படிப்பின் ஒரு பகுதி தொழில் நிறுவனத்தில் பயிற்சியாக அமைகிறது. டிப்ளோமா முடித்தபின் வேலைக்கும் போகலாம், பட்டப்படிப்பையும் தொடரலாம். எஸ்.பி.எம். முடிவு நடுத்தரமாக வந்த பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வழி குறைவு.

நான்காவது வழி, சமூகக் கல்லூரி. கணினிப் பராமரிப்பு போன்ற சான்றிதழ் படிப்புகளை இங்கே படிக்கலாம். குறைந்த தேர்ச்சி பெற்றவர்களும் இங்கே தொடங்கிப் படிப்படியாக மேலே ஏறலாம்.

இவற்றோடு, கோலாலம்பூர் வட்டாரத்தில் "42 கே.எல்." என்ற நிரல் பயிற்சிக்கூடமும் இருக்கிறது. கல்விக் கட்டணம் இல்லை. பள்ளிச் சான்றிதழையும் பார்ப்பதில்லை. நுழைவுத் தேர்வு கடுமையானது. ஆசிரியர் வகுப்பு எடுக்க மாட்டார். மாணவர்கள் ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொள்ள வேண்டும். தன்னூக்கமுள்ள பிள்ளைக்கு ஏற்றது. தங்குமிடச் செலவை மட்டும் முன்கூட்டியே கணக்குப் பார்க்க வேண்டும்.

இங்கே ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்துப் பள்ளியில் படித்த ஒரு மாணவி, கணிதத்தில் கெட்டிக்காரி. எஸ்.பி.எம். முடிவு நன்றாகவே வந்தது. பட்டணத்தில் உள்ள ஒரு கணினிக் கடையில் பணம் கொடுத்து விண்ணப்பத்தை அனுப்பச் சொன்னார்கள். கடைக்காரர் தம் கைப்பேசி எண்ணையும் தம் மின்னஞ்சல் முகவரியையும் போட்டு அனுப்பிவிட்டார். இடம் கிடைத்தது. அந்தச் செய்தி கடைக்காரருக்குப் போயிற்று, மாணவிக்கு வரவில்லை. ஏற்றுக்கொள்ளும் நாள் கடந்துவிட்டது. பெற்றோர் இருவரும் காலை பிரட்டுக்குப் போய் மாலையில் திரும்புகிறவர்கள்; அவர்கள் என்ன செய்வார்கள்? அந்தப் பெண் தொழிற்சாலைக்குப் போனாள். இரண்டு ஆண்டுகள் கழித்துத் தானே விண்ணப்பித்துப் பாலிடெக்னிக்கில் சேர்ந்தாள். அவள் மனவுறுதியைப் பாராட்டுகிறோம். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளை அவள் இழந்திருக்கத் தேவையில்லை. அவளைப்போல் திரும்பி வராதவர்கள் எத்தனை பேரோ!

எனவே, விண்ணப்பத்தை யார் நிரப்பினாலும், அதில் பிள்ளையின் சொந்தக் கைப்பேசி எண்ணும் சொந்த மின்னஞ்சல் முகவரியும் இருக்க வேண்டும். கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதிப் பத்திரப்படுத்த வேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழகம், பாலிடெக்னிக், சமூகக் கல்லூரி ஆகியவற்றுக்கு யு.பி.யு. என்ற இணைய வழியில் விண்ணப்பிக்க வேண்டும். மெட்ரிகுலேஷனுக்கு விண்ணப்பம் தனி. ஒன்றை அனுப்பிவிட்டோம், மற்றொன்றும் சேர்ந்து போயிருக்கும் என்று இருந்துவிடாதீர்கள்.

மற்றொரு தடை பத்திரங்களில் இருக்கிறது. பிறப்புப் பத்திரத்தில் பெயர் ஒருவிதம், அடையாள அட்டையில் வேறுவிதம். பெற்றோரின் திருமணம் பதிவாகாததால் பிள்ளையின் குடியுரிமையில் சிக்கல். இவை தோட்டப்புறத்தில் நாம் அடிக்கடி காண்பவை. விண்ணப்ப நேரத்தில் இவற்றைத் தீர்க்க முடியாது. மாதங்களும் ஆண்டுகளும் ஆகலாம். பன்னிரண்டு வயதில் பிள்ளைக்கு அடையாள அட்டை எடுக்கும்போதே எல்லாப் பத்திரங்களையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். தவறு இருந்தால் உடனே தேசியப் பதிவு இலாகாவுக்குப் போங்கள்.

மூன்றாவது வாயில் பணம். "படிக்க வைக்க ஆசைதான், கையில் ஒன்றுமில்லையே" என்று தாய்மார்கள் சொல்லும்போது எங்களுக்கு மறுமொழி சொல்வது எளிதாக இல்லை. ஆனாலும், வழிகள் சில உண்டு. பி.டி.பி.டி.என். எனப்படும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் 1997 இல் அமைக்கப்பட்டது. அரசாங்க உயர்கல்விக் கூடங்களிலும் அங்கீகாரம் பெற்ற தனியார் கல்லூரிகளிலும் பயில்வோருக்கு அது கடன் தருகிறது. விண்ணப்பிக்குமுன் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு திறந்திருக்க வேண்டும். இது கடன், படிப்பு முடிந்தபின் திருப்பிச் செலுத்த வேண்டும். முதல் வகுப்பில் தேறுவோர் விலக்குக் கோரவும் வழி உண்டு. அதன் நிபந்தனைகளைக் கழகத்தின் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நம் சமுதாய அமைப்புகளையும் மறந்துவிட வேண்டாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்த காலத்தில், 1960 இல், துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி வழங்கி வந்துள்ளது. தாத்தாவோ பாட்டியோ மாதம் பத்து வெள்ளி கட்டி உறுப்பினராக இருந்திருக்கலாம். பெட்டியில் அந்தப் புத்தகம் இருக்கிறதா என்று பாருங்கள். 1984 இல் தொடங்கப்பட்ட எம்.ஐ.இ.டி. கல்விக் கழகம் மாணவர்களுக்குக் கடனுதவி அளித்து வந்துள்ளது. தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கிளைத் தலைவரிடமும் கேளுங்கள். தோட்ட நிர்வாகத்திடம் அறநிதி ஏதும் உண்டா என்று கிராணியிடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பணத்தைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. எஸ்.பி.எம். முடிவு வந்ததும் முகவர்கள் சிலர் லயத்துக்கே வருவார்கள். "மடிக்கணினி இலவசம், வேலை உறுதி, இன்றே கையெழுத்துப் போடுங்கள்" என்பார்கள். அவசரப்படாதீர்கள். அந்தப் படிப்புக்கு எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி முகவாண்மையின் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. பிள்ளை படிக்கப் போகும் குறிப்பிட்ட படிப்புக்கே அது இருக்க வேண்டும். அந்தப் பட்டியலை இணையத்தில் எவரும் பார்க்கலாம். அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு வாங்கிய கடனும், அங்கீகாரம் உள்ள படிப்புக்கு வாங்கிய கடனும் ஒரே தொகையாக இருக்கலாம். ஆனால் முன்னதில் கையில் மிஞ்சுவது கடன் மட்டுமே.

இனி, வீட்டிலிருந்தபடியே பிள்ளை எப்படித் தொடங்கலாம் என்பதைச் சொல்கிறோம். மடிக்கணினி இல்லை என்பதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கிராமப்புறங்களில் அரசாங்கம் நடத்தும் இணைய மையங்கள் இருக்கின்றன. 2025 முதல் அவை நாடி என்ற பெயரால் அழைக்கப்படுகின்றன. அங்கே கணினி உண்டு, இணையம் உண்டு, பயிற்சி வகுப்புகளும் உண்டு. உங்கள் தோட்டத்துக்கு அருகில் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். வாரம் ஒருமுறை நான்கைந்து பெண்பிள்ளைகள் சேர்ந்து போய் வரட்டும். சேர்ந்து போனால் பாதுகாப்பும் உண்டு, ஊக்கமும் உண்டு. ஊர்ப் பொது நூலகத்தையும் பயன்படுத்தலாம்.

அங்கே என்ன படிப்பது? தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் ஸ்கிராட்ச் என்ற மொழியில் தொடங்கலாம். கட்டைகளை அடுக்குவதுபோல் கட்டளைகளை அடுக்கிப் படமும் விளையாட்டும் செய்யலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகம் 2007 இல் வெளியிட்ட இது முற்றிலும் இலவசம். இடைநிலைப்பள்ளி மாணவிகள் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்கலாம். கணிதத்துக்குக் கான் அக்காடமி என்ற இணையத்தளம் உதவும். ஃபிரீ கோட் கேம்ப் என்ற தளம் நிரல் எழுதக் காசின்றிக் கற்றுத் தருகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சி.எஸ். 50 என்ற அறிமுகப் பாடத்தையே இன்று எவரும் கட்டணமின்றிக் கேட்கலாம். இவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் தொடக்கத்தில் கடினமாகத் தோன்றும். ஒரு பாடத்தை மூன்று முறை கேட்டால் நான்காம் முறை புரியும். கேட்டால் மட்டும் போதாது. தானே எழுதிப் பார்க்க வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

கணினிக்கும் தமிழுக்கும் தூரம் என்று எண்ணுபவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. நம் மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் 1985 இல் முரசு என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். கைப்பேசியில் தமிழ் எழுத உதவும் செல்லினமும் அவர் ஆக்கமே. இன்று நாம் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழில் குறுஞ்செய்தி அனுப்புகிறோம் என்றால், அதன் பின்னால் இந்த மண்ணின் உழைப்பும் இருக்கிறது. தமிழுக்கு இன்னும் செய்ய வேண்டிய கணினிப் பணிகள் ஏராளம். அவற்றைச் செய்ய, தமிழ்ப்பள்ளியில் படித்த ஒரு பெண்ணைவிடத் தகுதியானவர் யார்?

உலக அளவில் கணினி படிக்கும் பெண்களுக்கென்றே அமைப்புகளும் இருக்கின்றன. அனிதா போர்க் என்ற அமெரிக்கக் கணினி அறிஞரின் முயற்சியால் 1994 இல் தொடங்கிய கிரேஸ் ஹாப்பர் மாநாட்டில் உலகெங்கும் உள்ள மாணவியர் கூடுகின்றனர். ஏ.சி.எம். என்ற பன்னாட்டுக் கணினிச் சங்கத்தில் பெண்களுக்கான பிரிவு உண்டு. பல்கலைக்கழகங்களில் அதன் கிளைகளைத் தொடங்கலாம். பல்கலைக்கழகம் போய்ச் சேரும் பிள்ளைகள் இவற்றை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

"இப்போதுதான் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இயந்திரமே நிரல் எழுதுகிறதாமே, பிறகு படித்து என்ன பயன்?" என்று ஒரு தந்தை எங்களைக் கேட்டார். நியாயமான கேள்வி. இயந்திரம் எழுதித் தருவது உண்மை. அது எழுதியது சரியா தவறா என்று பார்ப்பது யார்? எதை எழுதச் சொல்வது என்று தீர்மானிப்பது யார்? அடிப்படை தெரிந்தவர்தான். வேலைகளின் வடிவம் மாறும். சிந்திக்கத் தெரிந்தவருக்குத் தேவை மறையாது. வெறும் மென்பொருளை இயக்க மட்டும் கற்றவரின் நிலை வேறு. ஆகவேதான் கணிதத்தை விடாதீர்கள் என்று தொடக்கத்திலேயே வற்புறுத்தினோம்.

பெற்றோர்களே, உங்கள் மனத்தில் உள்ள இன்னொரு கவலையும் எங்களுக்குத் தெரியும். பெண்பிள்ளையை வெளியூர் அனுப்புவது. அந்தக் கவலையை நாங்கள் சிறிதாக மதிப்பிடவில்லை. அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் பெண்களுக்குத் தனி விடுதிகள் உண்டு. பிள்ளையைச் சேர்க்கும் நாளில் நீங்களே போய்ப் பாருங்கள். மூத்த மாணவிகளின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பதினெட்டு வயதில் தொழிற்சாலைக்கு இரவு வேலைக்கு அனுப்பத் துணிந்த நாம், அதே வயதில் கல்லூரிக்கு அனுப்ப ஏன் அஞ்ச வேண்டும்? வீட்டில் ஒரு மகனும் ஒரு மகளும் இருந்து, பணம் ஒருவருக்குத்தான் போதும் என்ற நிலை வந்தால், மகன் என்பதற்காக முடிவு செய்யாதீர்கள். யாருக்குப் படிப்பில் நாட்டம் அதிகம் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

நிறைவாக, இந்த வாரமே செய்யக்கூடிய மூன்று காரியங்களைச் சொல்கிறோம். ஒன்று, உங்கள் மகளின் பிறப்புப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் எடுத்துப் பெயர், எண் எல்லாம் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு, அவள் இடைநிலைப்பள்ளியில் இருந்தால், கணித ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். நான்காம் படிவத்தில் கூடுதல் கணிதம் எடுக்க என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். மூன்று, அவளுக்கென்று சொந்தமாக ஒரு மின்னஞ்சல் முகவரி திறந்து, அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இந்த மூன்றுக்கும் பெரிய செலவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோராயின், பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ தமிழ்ப்பள்ளி ஆசிரியரையோ துணைக்கு அழையுங்கள். எந்த ஆசிரியரும் மறுக்க மாட்டார்.

நம் முன்னோர் காட்டை அழித்துத் தோட்டமாக்கினார்கள். அதன் பலன் அவர்களுக்கு முழுதாகக் கிட்டவில்லை. நம் பெண்பிள்ளைகள் கற்கும் கல்வியின் பலனையாவது அவர்களே அனுபவிக்கட்டும். வாயில் திறந்திருக்கும் நேரம் இப்போது நமக்குத் தெரியும். அந்த நேரத்தில் பிள்ளையின் கைபிடித்து அங்கே கொண்டுபோய் நிறுத்துவது நம் பொறுப்பு.